பால்மரமும் கலப்பும்

தைப்பிங் நண்பர் ஒருவர் வாதிடுகிறார்: “நல்ல மரத்தின் மொட்டை ஒட்டு வைத்தால் தோட்டம் முழுக்க நல்ல மரம்தான். கலப்பு எதற்கு? அது விளைச்சலுக்குக் கேடு.”

அந்த நல்ல மரம் எங்கிருந்து வந்தது ஐயா? 1876இல் ஆங்கிலேயர் விக்கம் அமேசானிலிருந்து அள்ளி வந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை 3,000கூட இல்லை. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது பக்கத்துக் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. விதைக்கன்றுத் தோட்டத்தில் பால் வெட்டியவர்களைக் கேளுங்கள். ஒரே நிரையில் ஒரு மரத்தின் மங்கு வழியும், அடுத்ததில் அடி நனையாது. கலப்பு தந்த அந்த வேறுபாட்டிலிருந்து பொறுக்கியதுதான் உங்கள் உயர்ரகம். பொறுக்கலாம், இல்லாததைப் பொறுக்க முடியாது. டார்வினும் இதைத்தான் சொன்னார், சற்று நீளமாக.

ஒட்டுக்கன்றுகள் ஒரே மரத்தின் நகல்கள். ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். பிரேசிலின் பெல்தேராவில் ஹென்றி ஃபோர்டு நட்ட ஆசிய உயர்ரகங்களை இலைக்கருகல் பூஞ்சை சூறையாடியது. 1945இல் ஃபோர்டு நிறுவனம் தோட்டத்தை அரசிடம் தள்ளிவிட்டுப் போனது. அதே காட்டில் தானாக வளர்ந்த பால்மரங்கள், சிதறியும் வேறுபட்டும் நின்றதால், அப்பூஞ்சையோடே வாழ்கின்றன.

அந்த நோய் இன்னும் இங்கே வரவில்லை என்பதை உங்கள் ரகத்தின் வீரமாகக் கணக்கிடாதீர்கள். நடுவே கடல் இருக்கிறது, அவ்வளவுதான். கலப்பு கேடு என்றால், 1981இல் அமேசானுக்கு மறுபடி ஆளனுப்பிக் காட்டு விதைகளை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது ஏன்?