ஏழு கோல்களும் ஒரு மனிதரும்

சில கிழமைகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படியருகே ஒரு ஹொக்கி மட்டையும் சேறு படிந்த கால் கவசங்களும் எறிந்தபடி கிடந்தன. அவற்றுக்கு உடையவனாகிய என் மருமகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். பள்ளிக்கூட அணியின் கோல் காப்பாளன் அவன். நெடுநாளாய்ப் போட்டியிட்டு வரும் அயற் பள்ளிக்கூடத்துடன் அன்று ஆட்டம். ஆறுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்றுவிட்டார்கள்.

வென்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேளம் கொட்டினார்களாம்; கொடி பிடித்து ஊரைச் சுற்றி வந்தார்களாம். அது அவர்களுடைய நாள். அதிற் குறை காண எதுவும் இல்லை. மருமகனை வாட்டியது அந்த மேளம் அன்று. அவனுடைய சொந்தப் பள்ளிக்கூடத்து மாணவர்கள் சிலரே வேலியோரம் நின்று, "எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்கப்பட்டவன் இரவுச் சோற்றைத் தொடவில்லை.

"ஆறு பந்தும் என்னைத் தாண்டித்தானே போயின, மாமா?" என்றான் அவன்.

"உன்னிடம் வருவதற்கு முன் அவை எத்தனை பேரைத் தாண்டி வந்தன?" என்று கேட்டேன்.

அவன் பேசவில்லை. அன்றிரவு அவனுக்கு நான் சொன்ன கதையை நேயர்களுக்கும், சிறப்பாக மாணவ நேயர்களுக்கும், சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

1982ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதலாந் திகதி. புது டில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தது. தேசிய விளையாட்டரங்கில் ஹொக்கி இறுதியாட்டம்; ஆடுவோர் இந்தியாவும் பாகிஸ்தானும். அரங்கில் இடமில்லை. பிரதமர் இந்திரா காந்தியே ஆட்டத்தைக் காண வந்திருந்தார். இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி தோன்றிய ஆண்டும் அதுவே. ஆகவே வர முடியாதவர்கள் வீடுகளிலும் கடைவாசல்களிலும் கூடியிருந்தார்கள்.

இவ்விரு நாட்டாரின் ஹொக்கிப் போட்டி ஏனைய போட்டிகளைப் போன்றதன்று. ஒரே வீட்டுப் பிள்ளைகள் பாகம் பிரிந்த பின் எழுந்த போட்டி அது. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விழாவில் தியான் சந்தின் தலைமையில் இந்தியாவுக்காக ஆடித் தங்கப் பதக்கம் பெற்றவர்களுள் ஒருவர் அலி இக்திதார் ஷா தாரா. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவுக்கு அவரே பாகிஸ்தான் அணியின் தலைவராக வந்தார். 1928 முதல் ஒலிம்பிக் ஹொக்கியில் அசையாது வீற்றிருந்த இந்தியாவை 1960ஆம் ஆண்டு ரோமாபுரியில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வீழ்த்தியது பாகிஸ்தானே. 1956இல் மெல்பேணிலும் 1964இல் டோக்கியோவிலும் அதே கணக்கில் வென்றது இந்தியா. மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களையும் ஒவ்வொரு கோலே தீர்த்துவைத்தது. அவ்வளவு நெருக்கமான பகை, அல்லது அவ்வளவு நெருக்கமான உறவு.

1982இல் இந்தியா ஒலிம்பிக் வாகை சூடிய நாடு. பாகிஸ்தானோ அவ்வாண்டுத் தொடக்கத்திற் பம்பாயிலே உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. ஆகவே டில்லியிற் கூடியோர் கடும் போரை எதிர்பார்த்தார்கள். முதற் கோலைப் போட்டதும் இந்தியாதான். அரங்கு ஆரவாரத்தால் அதிர்ந்தது.

அதன் பின் நடந்ததைப் பார்த்தவர்கள் நெடுநாள் மறக்கவில்லை. பாகிஸ்தான் அணித் தலைவர் சமியுல்லா இடப்புறத்திலிருந்தும், அவருடைய சகோதரர் கலீமுல்லா வலப்புறத்திலிருந்தும் பாய்ந்தார்கள். நடுவே ஹசன் சர்தார் இருந்தார். கோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று விழுந்து ஏழாயிற்று. ஏழுக்கு ஒன்று என ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தான் இரசிகருக்கு அன்று தீபாவளி. டில்லி அரங்கிலோ இழவு வீட்டின் அமைதி.

அமைதியோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லியிரேன். துக்கம் கோபமாக மாறியது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆடியவர் பதினொருவர், அவருள் கோல் வாயிலில் நின்ற மீர் ரஞ்சன் நேகி ஒருவர்மீதே பழி முழுவதும் விழுந்தது. எதிரியிடம் பணம் வாங்கிக்கொண்டு பந்துகளை விட்டுவிட்டார் என்று பேசினார்கள். துரோகி என்றார்கள். அதற்கு ஆதாரம் என்று எதுவும் எக்காலத்திலும் காட்டப்படவில்லை. ஆயினும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது போல, அணி முழுவதன் தோல்வியை ஒருவர் நெடுங்காலம் தலையிற் சுமந்து திரிந்தார்.

ஹொக்கியைச் சிறிது அறிந்தவர்கள் இதிலுள்ள அநீதியை எளிதில் உணர்வார்கள். கோல் வாயில் 12 அடி அகலமும் 7 அடி உயரமும் உடையது. அதன் முன் 16 யார் தூரத்திலுள்ள வளைவுக்குள் எதிரி வந்துவிட்டால், ஐந்தரை அவுன்ஸ் எடையுள்ள கடினமான பந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேரும். அந்த வளைவுக்குள் எதிரி வராமற் பார்ப்பது மற்றப் பத்துப் பேரின் கடமை. மேலும், பின்னடைந்த அணி இழந்ததை மீட்கவேண்டும் என்ற பதைப்பில் ஆட்களை எல்லாம் முன்னே ஏற்றிவிடும். பின்புறம் வெறுமையாகும். எதிரி பந்தைப் பறித்துத் திரும்பி ஓடினால் அவனைத் தடுக்க வழியில் எவரும் இரார். அப்போது காப்பாளன் தனியே நிற்பான். ஆகவேதான் இரண்டு கோல் வித்தியாசம் சில வேளைகளில் விரைவாக ஐந்தாக, ஆறாக வளர்கிறது. பெருந்தோல்வி என்பது பெரும்பாலும் பலர் சேர்ந்து செய்யும் காரியம். பார்வையாளரின் கண்ணுக்கோ, பந்து வலையிற் படும்போது பக்கத்தில் நிற்பவன் ஒருவனே தெரிகிறான்.

நேகியின் கதை அங்கேயே முடியவில்லை. 1998ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவுக்குச் சென்ற இந்திய அணியின் கோல் காப்பாளரைப் பயிற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. இறுதியாட்டத்தில் தென் கொரியாவுடன் சமநிலை. பெனல்டி அடிகளால் முடிவு காணவேண்டிய நிலை. அவ்வேளையிற் கோல் வாயிலில் நின்று அடிகளைத் தடுத்து நாட்டைக் காத்தவர் ஆசிஷ் பல்லால் என்னும் காப்பாளர். 1966க்குப் பின், 32 ஆண்டுகள் கழித்து, ஆசிய விழாவின் ஹொக்கித் தங்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது. 2002ஆம் ஆண்டு மன்செஸ்டரில் பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் பயிற்சியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 2007இல் வெளிவந்த 'சக் தே இந்தியா' என்ற ஹிந்தித் திரைப்படம் அவருடைய வாழ்வின் சாயலைக் கொண்டது என்று பேசப்பட்டது. அதில் நடித்த பெண்களுக்கு ஹொக்கி பழக்கியவரும் அவரே.

காலச் சக்கரம் சுழன்றது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆந் திகதி இலண்டனில் இந்தியா பாகிஸ்தானை வென்றது. கணக்கு என்ன தெரியுமா? அதே ஏழுக்கு ஒன்று! அதே நாளில், அதே மாநகரில், கிரிக்கட் இறுதியாட்டம் ஒன்றில் பாகிஸ்தான் இந்தியாவை 180 ஓட்டங்களால் தோற்கடித்தது. மற்றைய நாட்களில் ஹொக்கியைத் திரும்பியும் பாராத இந்திய இரசிகர் பலர் அன்று அதைக் கட்டிப்பிடித்து ஆறுதல் தேடினார்கள். 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி சீனாவில் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விழாவிலோ பத்துக்கு இரண்டு! அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் மட்டுமே நான்கு கோல்களைப் போட்டார். டில்லியின் கடன் வட்டியும் முதலுமாகத் தீர்ந்தது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்? நல்ல ஆட்டத்தைக் கண்டு கை தட்டாதவன் இரசிகன் அல்லன். ஆனால் பத்தாவது கோல் விழுந்தபோது ஓர் எண்ணம் வந்தது. அந்தப் பக்கத்துக் கோல் வாயிலில் நின்றவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? அவர் ஊருக்குத் திரும்பும்போது அவரிடம் என்ன கேட்பார்கள்? 1982இல் ஒருவருக்குச் செய்த அநீதியை 2023இல் இன்னொருவருக்குச் செய்தால் எந்தக் கடன் தீரும்?

இரசிகர் வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்குச் சான்று தேட நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அது ஹொக்கியன்று, கிரிக்கட். ஆயினும் ஆடியவர்கள் இவ்விரு நாட்டாரே. 1999ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆந் திகதி சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் 12 ஓட்டங்களால் வென்றது பாகிஸ்தான். கைக்கெட்டியது வாய்க்கெட்டாத வேதனை சென்னை மக்களுக்கு. ஆயினும் அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கரவொலியைக் கேட்ட பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து தங்கள் நன்றியைத் தெரிவித்தார்கள். அன்று தோற்றவர்கள் ஊரார். ஆயினும் ஊர் தாழ்ந்துபோகவில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளிக்கூடம் வெல்லும்போது மேளம் கொட்டுங்கள்; கொடி பிடியுங்கள். அந்த வயதிற் செய்யாமல் எந்த வயதிற் செய்வது? ஆனால் மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போலத் தோற்றவனை மிதிக்காதீர்கள். உங்கள் பள்ளிக்கூடம் தோற்கும்போது, உங்களுக்காக நின்றவனிடம் கணக்குக் கேட்காதீர்கள். வேலியோரம் நின்று ஒரு சொல் எறிவது எளிது. அது ஐந்தரை அவுன்ஸ் பந்திலும் பாரமானது. கால் கவசம் அதைத் தடுக்காது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை தோற்று வந்த இரவில், "விளையாட்டுத்தானே, விடு" என்று சொல்லி விடுகிறோம். அவனுக்கு அது விளையாட்டு மட்டுமன்று. ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருக்கலாம். பிந்தியாவது சோற்றைப் போட்டுக் கொடுக்கலாம்.

கதையைக் கேட்டு முடித்த மருமகன் சிறிது நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மாமா, அவர் பிறகும் மைதானத்துக்குப் போனாரா?" என்று கேட்டான்.

"போனார். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே போனார்" என்றேன்.

மறுநாட் காலை நான் புறப்படும்போது கிணற்றடியிலே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கால் கவசங்களிற் படிந்திருந்த சேற்றை அவன் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.