மாத்திரை மணி ஏன் அடிக்கவில்லை?

ஆரணிப் பட்டு நெய்கிற ஊரில், தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கால்கள் மிதிகட்டையில். ஒரு கை நாடாக் கயிற்றில், இன்னொன்று பலகையில். செல்போன் எங்கோ ஓரமாகக் கிடக்கிறது. நம்மைப் போல ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் அதைத் தடவிக்கொண்டிருக்க அவருக்குக் கை ஒழியாது. மத்தியானம் சர்க்கரை மாத்திரையை ஞாபகப்படுத்த ஒரு ஆப் போட்டு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல போன்களில் அந்த மணி அடிக்காது. ஆப் காலையிலேயே செத்துப்போயிருக்கும்.

கொன்றது யார்? பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, போன்தான்.

2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது கூகுள் ஆரம்பித்து வைத்தது இது. தொடாமல் கிடக்கிற போனில், பின்னணியில் ஓடும் ஆப்களைத் தூங்கவைப்பது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 இன்னும் இறுக்கியது. தொடர்ந்து ஓட வேண்டுமா? மேலே ஒரு அறிவிப்பைக் காட்டிக்கொண்டு ஓடு. இதில் எனக்குச் சண்டை இல்லை. டார்ச் லைட் ஆப் ஒன்று, பயன்படுத்தியவர்களின் இருப்பிடத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்து 2013-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் மாட்டியதே! கடிவாளம் தேவைதான்.

என் கோபம் போன் கம்பெனிகள் மேல். கூகுளின் கடிவாளம் போதாதென்று ஆளாளுக்கு ஒரு கத்தி வைத்திருக்கிறார்கள். ஷியோமியில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனி சுவிட்ச். சாம்சங்கில் 'ஆழ்ந்த உறக்கம்' என்றே ஒரு பட்டியல். அதில் விழுந்த ஆப், நீங்களாகத் திறக்கிறவரை கண் விழிக்காது.

ஆப்பிள் மட்டும் யோக்கியமா? கொரோனா தொற்றைக் கண்டுபிடிக்க 2020-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் சொந்தமாக ஒரு ஆப் செய்தது. ஐபோன் அதைப் பின்னணியில் தூங்கவைத்துவிட்டது. சோதித்துப் பார்த்தால், பக்கத்திலிருந்த ஐபோன்களில் 100-க்கு 4-தான் அதன் கண்ணில் பட்டன. ஜூன் மாதம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொடுத்த ஏற்பாட்டிடம் சரணடைந்தார்கள். ஒரு காலத்தில் உலகத்தையே ஆண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், தறிக்காரர் எம்மாத்திரம்?

கேமராவைத் தொட நம்மிடம் அனுமதி கேட்கிறார்கள். மைக்கைத் தொடவும் கேட்கிறார்கள். கொல்வதற்கு மட்டும் ஏன் ஸார் கேட்பதில்லை? 'இந்த ஆப் எப்போதும் விழித்திருக்கட்டுமா?' என்று முதல் நாளே தமிழில் ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். காசு கொடுத்து போன் வாங்கியவர் சொல்லிவிட்டுப் போகிறார். ஆண்ட்ராய்டில் இதற்கு ஒரு வழி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஆப் அப்படிக் கேட்கலாம் என்பதில் கூகுள் கெடுபிடி. கேட்டு அனுமதி வாங்கினாலும், கம்பெனிக்காரரின் தனிக் கத்தியை அது கட்டுப்படுத்தாது.

இன்றைக்கே அம்மாவின் போனை வாங்கிப் பாருங்கள். செட்டிங்ஸில் மாத்திரை ஆப்பைத் தேடி, பேட்டரி என்ற இடத்தில் 'கட்டுப்பாடில்லை' என்று மாற்றுங்கள். ஷியோமியாக இருந்தால் அந்த ஆட்டோஸ்டார்ட்டையும்.