அம்மாவும் ஓங்கிலும்

வயோதிகர்களை வீட்டில் விட்டுவிட்டு உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஜாபிதாவில் முதற் பெயர் என்னுடையதாகவே இருக்கும். "நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நாமும், "பாவம், அவர்களுக்கு ஆசை விட்டுப் போயிற்று" என்று நமக்குச் சௌகரியமாகப் பொருள் செய்துகொண்டு மூட்டையைக் கட்டி விடுகிறோம்.

எங்கள் வீட்டில் இந்த வாக்கியம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில் அம்மாவைப் படகில் ஏற்றினோம். ஊரின் பெயரைச் சொல்லி யாருடைய பிழைப்பிலும் மண்ணைப் போட எனக்கு விருப்பமில்லை. அங்கே படித்துறையும் இல்லை, பலகையும் இல்லை. இரண்டு ஆட்கள் நெல் மூட்டையைத் தூக்குவது போல் அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். காட்சி நன்றாகத் தெரியட்டும் என்று நானே அவளை முன்பக்கத்தில் உட்காரச் செய்தேன். முதற் பெரிய அலையில் படகின் முனை எழும்பி விழுந்தது. அம்மா கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆயிற்று. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்று போன தைரியம் திரும்பவில்லை.

சென்ற ஜனவரியில் பூரி ஜகந்நாத க்ஷேத்திரத்துக்குக் குடும்பத்தோடு போக ஏற்பாடாயிற்று. பூரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் சாதபாடா என்ற ஊர். அங்கே சிலிகா ஏரியில் ஓங்கில்களைப் பார்க்கலாம் என்று என் பெண் படித்துச் சொன்னாள். அம்மா வழக்கம்போல, "நீங்கள் போய் வாருங்கள்" என்றாள். இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "அந்த ஓங்கிலைப் பார்க்க எத்தனை படி இறங்க வேண்டுமாம்?" என்று கேட்டாள். அவளுக்கு எழுபத்தாறு வயது. ஆசை விட்டுப் போனவர்கள் படிகளை எண்ணுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த முறை நான் உபாத்தியாயர் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அதாவது, முதலில் பாடத்தை நானே படித்தேன்.

முதற் கேள்வி, எந்த ஜலம் என்பது. எங்கள் பள்ளிக்கூடத்து நண்பர் ஒருவர் இலங்கையின் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவைச் சிபாரிசு செய்தார். அங்கே கடலடி கரைக்குச் சமீபத்திலேயே சரேலென்று ஆழமாகி விடுவதால், உலகத்தின் மிகப் பெரிய பிராணியான நீலத் திமிங்கலம் அந்தப் பக்கம் வருகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதற்கு நல்ல பருவம். ஆனால் திறந்த கடலில் பல மணி நேரம் போய் வர வேண்டும். இளைஞர்களுக்கு அது வீரப் பிரதாபம்; மூட்டு வலிக்காரர்களுக்கு அது தண்டனை. பிராணி எவ்வளவு பெரியது என்பதல்ல, அதைச் சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு அமைதியானது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

சிலிகா கடலோடு ஒட்டிய உவர் நீர் ஏரி. பருவத்துக்குத் தக்கபடி ஏறக்குறைய 900 முதல் 1,165 சதுர கிலோமீட்டர் வரை விரியும். பெரும்பகுதியில் ஆழம் மிகக் குறைவு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டு இருப்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. 1981-இல் ராம்சார் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்ட ஏரி இது. பின்னர் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, உப்புக் குறைந்து, மீன் வளம் அருகிப் போயிற்று. 2000-ஆம் வருஷத்தில் புது முகத்துவாரம் வெட்டிய பிறகு ஏரி மறுபடி உயிர் பெற்றது. இங்கே வசிப்பது ஐராவதி ஓங்கில் என்னும் இனம். 1852-இல் நம் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த ஓர் உடலை வைத்துத்தான், 1866-இல் ஓவன் என்ற ஆங்கில விஞ்ஞானி இந்த இனத்தை முதன்முதலில் வர்ணித்தார். இன்று சிலிகாவில் இவை 200-க்குள்தான் இருக்கின்றன.

இரண்டாவது, எந்தப் படகு என்பது. வினாத்தாள் போல எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். துறையிலிருந்து படகுக்குள் கால் வைக்க எவ்வளவு உயரம்? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? முதுகு சாயும் ஆசனமும் நிழற் கூரையும் உண்டா? ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டா? பாதி வழியில் திரும்பச் சொன்னால் திரும்புவீர்களா? கடைசிக் கேள்விக்குப் புன்னகை செய்தவரைக் கும்பிட்டு அனுப்பினேன். "தாராளமாய்" என்றவருடைய படகை முழுதாக எங்களுக்கே அமர்த்தினேன். செலவு சற்று அதிகந்தான். ஆனால் பிறர் அவசரத்துக்கு அம்மா ஓட வேண்டியதில்லை. முகத்துவாரம் வரை போகும் நீண்ட சுற்றை விட்டு, ஓங்கில் இருக்கும் இடம் வரையிலான குறுகிய சுற்றைத் தேர்ந்தெடுத்தோம். படகில் சௌசாலை இல்லை என்பதால் நேரம் குறைவாயிருப்பது மிகவும் முக்கியம். பெரியவர்கள் இதை வாய் விட்டுச் சொல்லாமல், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து விடுவார்கள். நாம்தான் கவனிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. படகு மயக்கத்துக்கு விற்கும் மாத்திரைகள் முதியவர்களுக்குத் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கக் கூடும். கண்ணழுத்த நோயோ நீர் பிரிவதில் சிரமமோ உள்ளவர்களுக்கு அவற்றில் சில ஆகா. குடும்ப வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நடுப்பகுதியில் தாழ்வாக உட்கார்ந்து, தூரத்து அடிவானத்தைப் பார்த்திருந்தால் பாதி மயக்கம் வராது.

காலைப் பனி விலகியதும் காற்று எழுவதற்கு முன்பே கிளம்பினோம். கொண்டுபோன முக்காலியில் கால் வைத்து, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அம்மா தானாகவே படகில் இறங்கினாள். யாரும் அவளைத் தூக்கவில்லை.

ஐராவதி ஓங்கில் படத்தில் வருவது போல வளையத்தில் பாய்ந்து வேடிக்கை காட்டுவதல்ல. மூக்கு நீளாத உருண்டைத் தலை. முதுகில் சிறு துடுப்பு. மெதுவாக எழும்பும், மூச்சு விடும், மறையும். சில படகுகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடின. அதனால் ஓங்கில்களுக்கும் தொல்லை, படகில் இருப்பவர்களுக்கும் ஆட்டம். எங்கள் படகுக்காரரை யந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். குழந்தைகள் ஐந்து நிமிஷத்தில் பொறுமை இழந்தார்கள். அம்மா அசையாமல் தண்ணீரையே பார்த்திருந்தாள். இருபது நிமிஷம் கழித்து, 'புஸ்' என்று ஒரு சப்தம். சாம்பல் நிற முதுகு ஒன்று பத்தடி தூரத்தில் எழுந்து அமிழ்ந்தது. முதலில் கண்டவள் அவள்தான்.

"என்னைப் போல அதற்கும் மூச்சு வாங்குகிறதடா!" என்றாள்.

உண்மையே. ஓங்கில் மீனல்ல, நம்மைப் போல நுரையீரலால் சுவாசித்துக் குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி. வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகத் திருப்பிச் சொன்னதில்லை.

விடுமுறைக்குத் திட்டம் போடும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. "வருகிறாயா?" என்று பெரியவர்களைக் கேட்காதீர்கள், "வேண்டாம்" என்ற பதில் தயாராக இருக்கும். எத்தனை படி, எவ்வளவு நேரம், எங்கே உட்காரலாம் என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொண்டு போய் அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த மறுவாரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த முக்காலியைப் பரண் மேல் போட்டு விடாதே" என்றாள்.