கணக்கு நம் கையிலும் இருக்க வேண்டும்



"புள்ளிவிபரம், புள்ளிவிபரம் என்கிறீர்களே, அதை வைத்து ஒரு கிலோ மாவு வாங்க முடியுமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதுதான். பெரட்டுக்களத்தில் பேர் பதிவது முதல் தராசு, செக்ரோல், சம்பளச் சிட்டை வரை எல்லாக் கணக்கையும் நிர்வாகமே வைத்திருக்கிறது. நம்மைப் பற்றிய எண்ணை இன்னொருவர் எழுதி இன்னொருவர் வாசிக்கும்போது, எண்கள் மீது நமக்கு எப்படிப் பிடிப்பு வரும்?

ஆனால் நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நமது சம்பளத்தைத் தீர்மானிப்பது அந்த எண்கள்தான். அவற்றை வாசிக்கத் தெரியாதவரை, சொல்கிறவர் சொன்னதே கணக்காகிவிடும்.

ஒரு பழைய கணக்கை எடுத்துக்கொள்வோம். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அது 750 ரூபாவானது. அடிப்படை 700, விலைப் பங்கு 50. மற்ற இரண்டு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டன.

சம்பளம் எவ்வளவு கூடியது? அடிப்படையைக் காட்டுகிறவர் "200 ரூபா, நூற்றுக்கு 40 வீதம்" என்பார். மொத்தத்தைக் காட்டுகிறவர் "வெறும் 20 ரூபா" என்பார். இரண்டுமே பொய்யில்லை. முன்பு எல்லாக் கொடுப்பனவையும் முழுமையாக எடுத்த ஒருவருக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 8 வீத சேமலாப நிதியைக் கழித்துப் பார்த்தால், கைக்குக் கூடுதலாக வந்தது ஒரு நாளைக்கு 4 ரூபா. அதேவேளை, அவரது சேமலாப நிதிக்கு நம் பங்கும் நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்து நாளொன்றுக்கு 100 ரூபாவாகப் போனது 140 ரூபாவானது. நோம் எட்டாமல் உற்பத்தித்திறன் கொடுப்பனவை இழந்து வந்தவருக்கோ இதைவிட நன்மை அதிகம். ஆகவே ஒரு வீதத்தை யாராவது சொன்னால், "எதில் 40 வீதம்? யாருக்கு?" என்று முதலில் கேட்க வேண்டும். அதைச் சொல்வது கம்பனியானாலும் சரி, அரசாங்கமானாலும் சரி, தொழிற்சங்கமானாலும் சரி.

அடுத்தது வேலை நாட்கள். 2021 இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபாவும், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவும் வந்தன. இவை ஒரு நாள் கணக்கு. வீட்டுக் கடைக்கணக்கோ மாதக் கணக்கு. 1,000 ரூபாப்படி 25 நாள் வேலை செய்தால் 25,000 ரூபா. 1,350 ரூபாப்படி 15 நாள்தான் வேலை கிடைத்தால் 20,250 ரூபா. நாட்சம்பளம் உயர்ந்தும் குடும்பத்தின் கையில் 4,750 ரூபா குறைந்து போகும். சம்பள உயர்வைப் பற்றிப் பேசும்போது எத்தனை நாள் வேலை தரப்பட்டது என்ற எண்ணையும் பக்கத்தில் வைக்காவிட்டால், அந்தப் பேச்சு பாதிப் பேச்சுத்தான்.

மூன்றாவது, சராசரி என்ற சொல். உதாரணத்துக்கு, ஒரு மலையில் கொழுந்து நன்றாக வரும் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு 24 கிலோவும், வரட்சியான ஆறு மாதத்தில் 12 கிலோவும் பறிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரி 18 கிலோ. "சராசரியைத்தானே நோமாகக் கேட்கிறோம்" என்று நிர்வாகம் சொல்லலாம். கணக்குப் பிழையில்லை. ஆனால் வரட்சி மாதங்களில் அந்த மலையில் ஒருவராலும் 18 கிலோ பறிக்க முடியாது. அரை ஆண்டுக்கு அரைப்பேர்தான் மிஞ்சும். இதை நிர்வாகத்துக்குக் காட்ட நமக்கு வேண்டியது மாதவாரியான கணக்கு.

எண்கள் எப்போதும் நமக்கு எதிரானவை என்றும் நினைக்கத் தேவையில்லை. 2019 ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வில் நாட்டின் வறுமை நூற்றுக்கு 14.3 வீதம். நகரத்தில் 6 வீதம், கிராமத்தில் 15 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். 2016 ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். தோட்டத்தைத் தனிப் பிரிவாக எண்ணியதால்தான் இந்த உண்மை வெளியே தெரிந்தது. நாட்டின் சராசரியோடு நம்மைக் கலந்து எண்ணியிருந்தால், மூன்றில் ஒருவர் வறுமையில் வாழும் செய்தி 14.3 என்ற எண்ணுக்குள் மறைந்து போயிருக்கும். எனவே கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு வீட்டில் உள்ள எல்லோரையும், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளை உட்பட, கேட்கும் விபரப்படி மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் திணைக்களத்தின் ஆய்வு உங்கள் டிவிசனின் தராசுக்கு அருகில் வராது. அந்தக் கணக்கை நாமேதான் எழுத வேண்டும். ஒரு அப்பியாசக் கொப்பி போதும். திகதி, முழுப்பேரா அரைப்பேரா, ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, எவ்வளவு கழிக்கப்பட்டது, மழையா வெயிலா. எழுதச் சிரமப்படும் தாய்மாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது வழமைதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நியாயமான அளவுக்கு மேல் நிறுவைக்கு 1 கிலோ கழிக்கப்பட்டால், நாளைக்கு மூன்று நிறுவை, மாதம் 25 நாள், ஒருவருக்கு 75 கிலோ. 40 பேர் உள்ள மலையில் 3,000 கிலோ பச்சைக் கொழுந்து. ஒருவர் மட்டும் "கூடக் கழிக்கிறார்கள்" என்று முறையிட்டால் அது சண்டை என்று ஒதுக்கப்படும். 40 கொப்பிகள் ஒரே எண்ணைச் சொன்னால் அது சாட்சி. கணக்கப்பிள்ளையும் துரையும் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாத முடிவில் இந்தக் கொப்பிகளைச் சம்பளச் சிட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் தலைவர், தலைவி மூலம் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் கம்பனிகள் தங்கள் கோப்பைத் திறக்கும்போது, நம் பக்கமும் ஒரு கோப்பு திறக்கப்பட வேண்டும். இன்று மாலை நிறுவை முடிந்ததும் முதல் வரியை எழுதுங்கள்.