பெட்டிக்குக் காவல் யார்?

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. சுவாவில் ஒரு வீட்டு வாசலில் விடியும் முன்பே விளக்கு எரிகிறது. ஆறு பேர் கொண்ட குடும்பம் முதன்முறையாக உல்லாசக் கப்பலில் செல்லப் போகிறது. வாசலில் ஒன்பது பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தவிர ஒரு சோறு சமைக்கும் மின்பானை, முறுக்கு நிரம்பிய பெரிய தகரம், பாட்டியின் துணிப்பை. வேனுக்குள் எல்லாம் ஏறிய பிறகுதான் பாட்டி உட்கார இடம் போதவில்லை என்பது தெரிகிறது. இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், பயணம் போய் வந்த எந்த வீட்டிலும் இக்காட்சியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒரு காலத்தில் தோட்டப்புற மக்களுக்குக் கடற்பயணம் என்றாலே ஊரை விட்டுப் பிரிவது என்றுதான் பொருள். இன்றோ நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பணம் சேர்த்துப் பெற்றோரை மூன்று நாள், நான்கு நாள் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆயினும், கப்பலில் என்ன சாப்பிடலாம், எங்கே படம் பிடிக்கலாம் என்று யோசிக்கும் அளவுக்குக் கப்பல் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் கழியும் நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பயணத்தில் முதியோரும் சிறுவரும் அதிகம் களைத்துப்போவது அந்த நேரத்தில்தான். சுமையும் காத்திருப்பும் குடும்பத்தில் ஒருவர் தலையிலேயே விழுவது முறையன்று. திட்டமிட்டால் அதைத் தவிர்க்கவும் முடியும்.

இதன் அருமை விளங்க, பழைய கப்பல் பயணத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்ற கப்பல், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குப் பல்லாண்டுகள் ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கப்படுகிறது. தொடக்கத்தில் அக்கப்பல் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. தளப் பயணி என்பவருக்குத் தனி அறை கிடையாது. கப்பல் தளத்தில் அவர் பாய் விரித்த இடமே அவருடைய அறை. பக்கத்தில் வைத்த இரும்புப் பெட்டியே அதன் சுவர். ஆகவே, பெட்டியை விட்டு அகல முடியாது. யாராவது ஒருவர் காவல் இருந்தே ஆக வேண்டும்.

கப்பல் ஏறுவதற்கு முன்பும் அவர்கள் நெடுநேரம் காத்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் பயணிகள் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு படகில் போய் ஏறினார்கள். தோட்ட வேலைக்காக அழைத்து வரப்பட்டவர்களோ ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் இருந்த முகாம்களில் தங்க வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். நோய் கண்டவர்கள் இக்கரை சேர்ந்த பிறகும் தனித்து வைக்கப்பட்டார்கள். பினாங்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவு அதற்கென்றே பயன்பட்டது. எப்போது புறப்படுவது, எங்கே உட்காருவது, எதை எடுத்துச் செல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இல்லை. அவர்களுடைய நேரம் பிறர் கையில் இருந்தது.

இன்றைய பயணிக்குப் பூட்டிய அறை உண்டு, மெத்தை உண்டு, நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. ஆனால், அறைச் சாவி கைக்கு வரும் முன்னும், அறையைக் காலி செய்த பின்னும் அவரும் ஒரு தளப் பயணியே. பெட்டியும் கையுமாக ஒரு கூடத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தச் சில மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பது அவர் கொண்டு வந்த பெட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

முதலில், கப்பல் ஏறும் நாளைப் பார்ப்போம். பயணிகள் முனையத்தை அடைந்ததும் பெரிய பெட்டிகளைச் சுமைப் பணியாளர்களிடம் ஒப்படைப்பது வழக்கம். அறை எண் எழுதிய அட்டை ஒவ்வொரு பெட்டியிலும் கட்டப்பட்டிருக்கும். அவை ஊடுகதிர்ச் சோதனைக்குப் பின் கப்பலில் ஏற்றப்பட்டு, அறை வாசலுக்கு வந்து சேரும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் இப்படிப் போக வேண்டியிருப்பதால், நண்பகலில் கொடுத்த பெட்டி மாலையில்தான் கிடைக்கும். சில வேளைகளில் இரவாகியும் விடும். இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். நீரிழிவு நோயுள்ள தாத்தாவின் இன்சுலின் ஊசி, பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை, மூக்குக் கண்ணாடி, குழந்தையின் மாற்றுடை ஆகிய அனைத்தும் அந்தப் பெரிய பெட்டிக்குள் போய்விடுகின்றன. பெட்டி எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. கேட்டாலும் ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவே அதை உடனே தேடி எடுக்க இயலாது. ஆகவே, கடப்பிதழ், பயணச்சீட்டு, மருந்து, பணம், ஒரு மாற்றுடை ஆகியவை தோளில் மாட்டும் சிறு பையில் இருக்க வேண்டும். அந்தப் பையைக் கையை விட்டு இறக்கக் கூடாது.

அடுத்தது, பெட்டிகளின் எண்ணிக்கை. நான்கு நாள் பயணத்துக்கு ஆறு பேருக்கு ஒன்பது பெட்டிகள் தேவையில்லை. “எதற்கும் இருக்கட்டும்” என்ற ஒரு சொல்லே பாதிப் பெட்டிகளை நிரப்பிவிடுகிறது. அவ்வாறு நிரம்பிய பெட்டிகளுக்கு யாராவது காவல் இருக்க வேண்டும். பிள்ளைகள் கடலைப் பார்க்க ஓடுகிறார்கள். பெரியவர்கள் பதிவு முகப்பில் வரிசை பிடிக்கிறார்கள். “அம்மா, நீங்க இங்கேயே இருங்க, பெட்டியைப் பார்த்துக்குங்க” என்று பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரை மகிழ்விக்கப் பயணம் ஏற்பாடு செய்யப்பட்டதோ, அவரே காவற்காரர் ஆகிவிடுகிறார். அவர் கழிவறைக்குக்கூட எழுந்து போகத் தயங்குகிறார். அவர் வாய் திறந்து குறை சொல்வதில்லை என்பதால் அது யாருக்கும் தெரிவதும் இல்லை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தானே தூக்கக்கூடிய ஒரு பெட்டி மட்டுமே ஒருவருக்கு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பெட்டியைக் கட்டி முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கலாம். முடியவில்லை என்றால் உள்ளே இருப்பது அதிகம் என்று பொருள். தூக்க முடியாத முதியவரின் பெட்டியை யார் தூக்குவது என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். காவல் தேவைப்பட்டால் முறை வைத்து மாறி மாறி இருக்கலாம். பதினைந்து வயது மாணவர் அரை மணி நேரம் பெட்டிகளருகே உட்கார்ந்தால், பாட்டி சன்னலோரம் போய்க் கப்பலைப் பார்த்துவிட்டு வருவார்.

எதை எடுத்துச் செல்லக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மின்பானை, துணி தேய்க்கும் பெட்டி போன்ற சூடேறும் மின்கருவிகளைப் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் அனுமதிப்பதில்லை. மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம் போன்ற எரியும் பொருள்களுக்கும் தடை உண்டு. இதைக் கேட்டுச் சில முதியவர்கள் மனம் வருந்தலாம். ஆனால், நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடி ஒதுங்க இடமில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985ஆம் ஆண்டு ஏற்பட்ட தீவிபத்து உயிர்களைப் பறித்தது. அத்தோடு அக்கப்பலின் சேவையும் முடிவுக்கு வந்தது. தடை ஏன் என்பதை வீட்டிலேயே பொறுமையாக எடுத்துச் சொன்னால், சோதனைச் சாவடியில் எல்லார் முன்னிலும் பாட்டியின் பையைக் கொட்டிப் பார்க்கும் நிலை வராது.

நேரத்தைக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. கிள்ளான் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் முனையம் பூலாவ் இண்டாவில் உள்ளது. சுவாவிலிருந்து சிப்பாங், பந்திங் வழியாக வேனில் போவோர் நெரிசலுக்கும் சேர்த்தே நேரம் ஒதுக்க வேண்டும். கப்பல் புறப்படும் நேரம் வேறு, பதிவு முகப்பு மூடப்படும் நேரம் வேறு. பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்போ அதற்கும் முன்போ முகப்பை மூடிவிடுவார்கள். தாமதமாக வந்த ஒரு வேனுக்காகக் கப்பல் காத்திருக்காது. அதற்காக விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவதும் அறிவுடைமையாகாது. இப்போது பல நிறுவனங்கள் ஒவ்வொரு பயணிக்கும் வர வேண்டிய நேரத்தைக் குறித்தே அனுப்புகின்றன. அந்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகச் சேர்ந்தால் போதும். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ கப்பல் ஏறுபவர்கள், முடிந்தால் முதல் நாளே அங்குப் போய்த் தங்குவது நல்லது. ஜொகூர் பாலத்தில் நெரிசல் எப்போது கூடும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கப்பலை விட்டு இறங்கும் நாளுக்கான ஆயத்தம் முந்தைய இரவே தொடங்குகிறது. பெரிய பெட்டிகளில் வண்ண அட்டை கட்டி அறை வாசலில் வைத்துவிட்டால், மறுநாள் காலை அவை முனையத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். மறுநாள் உடுத்த வேண்டிய துணியையும் சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் இரவு உடையோடு திண்டாடியவர்கள் உண்டு. கடப்பிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் திண்டாட்டம் இன்னும் பெரிது. மேலும், முனையத்தில் கறுப்புப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பழைய சேலைக் கரையில் ஒரு துண்டைக் கிழித்துக் கைப்பிடியில் கட்டினால் தூரத்திலிருந்தே தன் பெட்டி இன்னது என்று தெரிந்துவிடும். இதற்குச் செலவு ஒரு காசுகூட இல்லை. சிறு பெட்டி மட்டும் கொண்டு வந்தவர்கள், நிறுவனம் அனுமதித்தால், அதைத் தாங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கிவிடலாம்.

காலையுணவு முடிந்த சிறிது நேரத்திலேயே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஆனால், திரும்பும் பேருந்தோ விமானமோ பிற்பகலில்தான் இருக்கும். காலையிலேயே விமானம் ஏறத் திட்டமிடுவதும் ஆபத்து. கப்பல் துறையை அடையத் தாமதமானாலும், குடிநுழைவு வரிசை நீண்டாலும் பயணச்சீட்டுப் பணம் வீணாகிவிடும். ஆகவே, இடைவெளி இருக்கத்தான் வேண்டும். அதை எங்கே கழிப்பது என்பதே கேள்வி. பெட்டிகளைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டண வசதி உள்ள இடத்தை முன்பே விசாரித்து வைத்தால், குடும்பமே கைவீசி நடந்து ஒரு நல்ல உணவகத்தில் சாப்பிடலாம். இல்லையெனில் மீண்டும் பாட்டிதான் பெட்டிகளுக்குக் காவல்.

“பணம் கட்டித்தானே போகிறோம், ஓய்வெடுக்கப் போகும்போது இத்தனை கட்டுப்பாடு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. உல்லாசப் பயணத்தைத் தேர்வுபோல ஆக்க வேண்டியதில்லை. ஆனால், திட்டமிடாத பயணத்திலும் ஒருவர் ஓய்வை இழந்துதான் மற்றவர்கள் ஓய்வெடுக்கிறார்கள். கட்டிய பணத்தில் பாட்டியின் பங்கும் உண்டு. அவருக்கும் அதே அளவு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுப்பாடுகளின் நோக்கம்.

இதில் மாணவர்களுக்குத் தனிப் பங்கு உண்டு. பல வீடுகளில் கப்பல் நிறுவனம் மலாயிலோ ஆங்கிலத்திலோ அனுப்பும் கடிதத்தை முழுமையாகப் படிக்கக் கூடியவர் இடைநிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளைதான். வர வேண்டிய நேரம், தடை செய்யப்பட்ட பொருள்கள், பெட்டியை வாசலில் வைக்க வேண்டிய நேரம் ஆகியவை அக்கடிதத்தில் இருக்கும். அவற்றைத் தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் ஒட்டி வைக்கலாம். பள்ளியில் கற்ற மொழிகள் வீட்டுக்கு உதவ இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். பயணத்துக்கும் அது பொருந்தும். அன்று கடல் கடந்து வந்தவர்கள் வேறு வழியின்றி இரும்புப் பெட்டிக்குக் காவல் இருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. பெட்டியைக் குறைத்து, நேரத்தைக் கணித்து, சுமையைப் பகிர்ந்துகொண்டால், சுவாவிலிருந்து புறப்படும் அந்த வேனில் முதலில் பாட்டிக்கு இடம் கிடைக்கும். பெட்டிகள் அதற்குப் பிறகு ஏறட்டும்.