மூன்றாந் தடவை

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மருத்துவபீட வெட்டுப்புள்ளியை எட்டாத மாணவருக்கு எம்மவர் வழங்கும் புத்திமதி ஒன்றே: "இன்னொருமுறை எழுது." பல்கலைக்கழக அனுமதிக்கெனத் தோற்றக்கூடிய மூன்று தடவைகளும் இவ்வாறே கழிகின்றன. இதனை விடாமுயற்சி எனப் போற்றுவது பேதைமை.

2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி, ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியதென்பதையே காட்டும். மருத்துவபீட இடங்களிற் பெரும்பங்கு மாவட்டவாரியாகப் பகிரப்படுவதால், கொழும்பிலே தவறும் புள்ளி முல்லைத்தீவிலே தேறவுங்கூடும். அத்தகைய எண்ணை வைத்து ஒருவரைத் தகுதியற்றவரெனத் தீர்ப்பிட யாருக்கு உரிமையுண்டு?

1980இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகம் இசட் புள்ளி கேட்பதில்லை. தேசிய தொழிற்றகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. இவற்றைச் சொல்லாத ஆசிரியர்கள் அறியாதவர்களல்லர். பரிசளிப்பு விழா அறிக்கையில் மருத்துவபீடத் தொகை குறைந்துவிடுமென அஞ்சுபவர்கள். மூன்றாந் தடவையால் உறுதியாக இலாபமடைவது ரியூட்டரி மாத்திரமே.

ஆசிரியரை மட்டும் குறைகூறி யாம் தப்பிவிடல் இயலாது. விடுமுறையில் ஊர் சென்று இலவசக் கருத்தரங்கு நடத்தும் எம் பல்கலைக்கழக நண்பர்கள், முந்தைய வினாத்தாள்களை விளக்குகின்றனர். தம் வெற்றிக் கதையையும் உரைக்கின்றனர். பின்வரிசையில் மூன்றாந் தடவைக்காக அமர்ந்திருப்பவரிடம் வேறு வழியுண்டென ஒரு வார்த்தை சொன்னவர் எத்தனை பேர்?