இலைக்கனும் வெள்ளித் துணிக்கையும்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லுங்கால், காட்டோரத்துப் பாலையிலும் வீரையிலும் சாம்பலும் வெளிர்பச்சையுமாய்ச் சுண்ணாம்பை அப்பியது போன்ற திட்டுக்களைக் காணாதார் இரார். மரத்துக்கு நோய் பிடித்துவிட்டதென்றே பலரும் எண்ணுவர். நோயன்று அது; உயிர். செவ்வையாகச் சொல்வதாயின் ஓருயிருமன்று, ஈருயிர். பங்கசு ஒன்று வீடு கட்டிக் கொடுக்க, அல்கா ஒன்று வெயிலைக் கொண்டு உணவாக்க, இரண்டும் ஒரே குடித்தனமாய் வாழ்கின்றன. 1867ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து அறிஞர் சுவெண்டனர் இதனை எடுத்துரைத்தபோது, இத்துறை வல்லுநர் பலர் ஏற்க மறுத்தனர். இன்றோ அது பாடசாலைப் பாடம்.

இலைக்கன் என நம் பாடநூல்கள் வழங்கும் இவ்வுயிர் மாணவர்க்குப் புதியதன்று. ஆய்வுகூடத்திலே அமிலத்தைச் சிவந்து காட்டும் பாசிச்சாயத் தாளின் சாயம் இவ்வினத்திலிருந்தே பெறப்பட்டது. செட்டிநாட்டுக் குழம்பில் மணக்கும் கல்பாசியும் இதன் உறவே. இப்பொழுது விஞ்ஞானிகள் இதனிடம் வேறொரு வேலை வாங்குகின்றனர்: வெள்ளியைப் பொடியாக்கும் வேலை.

பொடியென்றதும் பொற்கொல்லர் அரத்தால் உதிர்த்த தூளை நினைத்துவிடலாகாது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். 2014இல் மலேசிய ஆய்வாளர் பார்மொற்றீமா என்னும் இலைக்கனைக் கொண்டு ஆக்கிய வெள்ளித் துணிக்கைகளின் சராசரி அளவு 19 நனோமீற்றர். அவற்றுள் ஏறத்தாழ 4,000ஐ வரிசையாக அடுக்கினாற்றான் நம் தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கு ஈடாகும்!

செய்முறையோ அடுக்களைக் கஷாயத்தை ஒத்தது. உலர்த்திப் பொடித்த இலைக்கனை நீரிலிட்டுச் சாறெடுத்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சேர்த்தல் வேண்டும். சாற்றிலுள்ள பொருள்கள் வெள்ளி அயன்களுக்கு இலத்திரன்களை ஈந்து அவற்றை அணுக்களாக்குகின்றன; அணுக்கள் கூடித் துணிக்கைகளாகின்றன; அவை மேலும் திரண்டு கட்டியாகாதபடி அச்சாற்றுப் பொருள்களே மேலே போர்வையாய்ப் படிகின்றன. நிறமற்றிருந்த கரைசல் மஞ்சளாகிப் பின் கபிலமாகும். வெண்ணிற வெள்ளி மஞ்சளாவதேன்? இவ்வளவு சிறிய மணியிலே இலத்திரன்கள் யாவும் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, ஊதா நீலப் பகுதியை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய ஒளியே நம் கண்ணுக்கு வருகிறது. மைக்கேல் பரடே 1857இல் இலண்டனிலே காட்டிய செந்நிறப் பொற்கரைசலும் இவ்வகையினதே. ஆனால் அவர் துணைக்கொண்டது பொசுபரசு, நஞ்சு. பின்வந்தோர் பயன்படுத்திய சோடியம் போரோஐதரைட்டும் சாதுவன்று. அதனாலேயே சாறுகொண்டு செய்வதற்குப் ‘பசுமை முறை’ என்று பெயரிட்டனர்.

பெயர் நன்று, எனினும் பெயரைக் கேட்டு மயங்குதல் நமக்கு வழக்கமன்று. இலைக்கன் ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீற்றரே வளரும்; சிலவற்றுக்கு அதுவுமில்லை. உள்ளங்கையளவு திட்டு ஒரு பள்ளிச் சிறுவனைவிட மூத்ததாக இருக்கக்கூடும். அதனை மூட்டை மூட்டையாகச் சுரண்டி எடுப்பது பசுமையாகுமா? வேம்பைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டிலேயே புனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தார் வேப்பிலைச் சாற்றினால் பொன், வெள்ளித் துணிக்கைகளை ஆக்கிக் காட்டினர். வேப்பிலை மீண்டும் துளிர்க்கும். அதுவும் நம் முற்றத்திலேயே.

இன்னொன்றும் கூறவேண்டும். வெள்ளித் துணிக்கை கிருமிகளைக் கொல்லும். 2009இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ராரா சுவச்’ வடிகட்டியிலே உமிச்சாம்பலின்மேல் வெள்ளித் துணிக்கைகளைப் பதித்திருந்தனர். வயலும் உமியும் மலிந்த நம் பகுதிக்கு இச்செய்தி இனிக்கவே செய்யும். ஆயின் செட்டிகுளம் முதலிய ஊர்களிலே சிறுநீரக நோய்க்கு அஞ்சிக் கிணற்றைப் பார்த்துப் பெருமூச்செறியும் குடும்பங்கள் ஒன்றை அறிதல் நலம். நீரின் வன்மையையும் புளோரைட்டையும் வெள்ளி நீக்காது. அவற்றை நீக்க, நுண்சவ்வினூடாக நீரை அழுத்திச் செலுத்தும் பொறி போன்ற வேறு வழிகளே வேண்டும். தவிரவும், கழுவுநீரோடு குளத்திற் சேரும் வெள்ளி, தீய கிருமி எது, மீனுக்கு இரையாகும் நல்லுயிர் எது என்று பார்த்துக் கொல்வதில்லை.

அங்ஙனமாயின் இலைக்கனை விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. த்வெயிற்சு என்பார் இலங்கையிற் சேகரித்த இலைக்கன்களை இலெய்ற்றன் 1870இல் வகைப்படுத்தி வெளியிட்டார். அப்பணியை நம் காடுகளிலே தொடர, 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாய் விளங்கும் வவுனியா வளாகத்து மாணவர்க்கு வாசலிலேயே களம் உண்டு. ஆய்வுக்கு ஒரு தேக்கரண்டித் தூள் போதும். மாரிக் காற்றில் முறிந்து வீழ்ந்த கொப்புகளிலிருந்து அதனைப் பெறலாம்; நிற்கும் மரத்திற் கத்தி வைக்கவேண்டியதேயில்லை.